அருவியில் குளித்ததாக ஒரு கையெழுத்து

தென்காசியில் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. இரண்டு மாடி உயரத்துக்கு நீல விளக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேரால் அதைப் படிக்க முடியாது. படிக்க முடியாததால்தான் வருகிறார்கள். ஊருக்குள் 'சைபர் ஆஸ்பத்திரி' என்றால் போதும், எந்த ஆட்டோக்காரரும் மறுகேள்வி கேட்கமாட்டார்.

சைபர், வரவேற்புக் கூடத்தில் தொங்குகிறது. பெரிய மின்பலகை. மேல் வரியில் 'சிகிச்சைச் சிக்கல்கள்: 0'. கீழ் வரியில் 'சிக்கலில்லா நாட்கள்' என்று ஓர் எண். தினமும் காலை எட்டு மணிக்கு ஊழியர்கள் எல்லோரும் பலகைக்கு எதிரே வரிசையாக நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி சொல்வார்கள். "எங்கள் கையால் சிக்கல் வராது, வந்தாலும் அது எங்களுடையது ஆகாது" என்று அது முடியும். முடிந்ததும் எண்ணில் ஒன்று கூடும். கை தட்டுவார்கள். காத்திருக்கும் நோயாளிகளும் எதற்கென்று தெரியாமல் தட்டுவார்கள்.

பலகைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டு. அதற்குள் சிவப்புப் பெட்டி. ஊசி போட்ட கண்ணுக்குள் கிருமி புகுந்துவிட்டால் உடனே செலுத்த வேண்டிய மருந்துகள் அதில் இருக்கின்றன. பெட்டியைச் சுற்றி நாடா, நாடாவின் முடிச்சில் அரக்கு முத்திரை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று தரக் கட்டுப்பாட்டு மேலாளர் விஜய்பாண்டி வந்து, முத்திரை உடையவில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாடாவுக்குள் ஒரு மெல்லிய ஒயர் ஓடியது. நாடாவை அறுத்தால் பலகையில் உள்ள எண் தானாகச் சைபருக்கு இறங்கிவிடும். நேர்மைக்காக அந்த ஏற்பாடு.

பிச்சையா முதல்முதலாக அங்கே வந்தபோது எண் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குற்றாலத்துக்காரர். மெயின் அருவிக் கரையில் விசில் ஊதுவது வேலை. ஒப்பந்தக்காரர் ஒருவர் வைத்த ஆள், இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகம். அருவிக்கு எதிரே மேடையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலைமேல் மழை பெய்தால் முதலில் இரண்டு இலை வரும், அப்புறம் சுள்ளி வரும், அப்புறம் வெள்ளைத் தண்ணீருக்குள் செம்மண் நிறம் ஒரு நூல் மாதிரி இறங்கும். அந்த நூலைப் பார்த்ததும் மூன்று நீள விசில். அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட வேண்டும். நூல் கயிறாவதற்கு அதற்குமேல் நேரம் ஆகாது.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர், ஒரு ஆடி மாதம் பத்தே நிமிஷம் தானும் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று தண்ணீருக்குள் போனார். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் வெள்ளத்தோடு போனார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் பிச்சையா விசிலை வாங்கிக் கழுத்தில் போட்டார். அன்றிலிருந்து அவர் அருவியில் குளித்ததில்லை. சீசனில் குளிக்க முடியாது. சீசன் இல்லாதபோது அருவியில் தண்ணீர் இருக்காது. உலகமே வந்து குளித்துவிட்டுப் போகிற ஊரில், வீட்டுக் குழாயடியில் வாளியில் பிடித்துக் குளிக்கிற மனிதர் அவர்.

மனைவி குருவம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. பழக்கடையில் வேலை. மங்குஸ்தான் என்ன விலை என்றால் விரலைக் காட்டுவாள். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சைகை எதுவும் அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பிச்சையா. விரித்த உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் தெளிந்த தண்ணீர், எல்லாம் நலம். மூடிய முஷ்டியை வைத்தால் கலங்கல், கோபம், சங்கடம். உலகத்தில் அந்தப் பாஷை பேசுகிறவர்கள் மொத்தம் இரண்டு பேர். அருவி இரைச்சலில் மைக்கில் கத்தினாலும் கேட்காத இடத்தில், பிச்சையா கூட்டத்தை ஒதுக்கியதும் அந்தக் கைகளால்தான். புரியாதவர்களும் ஒதுங்கினார்கள்.

இதற்கெல்லாம் அவரிடம் இருந்தது ஒற்றைக் கண். இடது கண் ஆறு வயதில் சுண்ணாம்பு பட்டுப் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான்.

சித்திரை மாதம் ஒரு காலையில் அந்த வலது கண்ணின் நடுவே ஒரு கறை விழுந்திருந்தது. குருவம்மாள் கையை ஆட்டினாள். விளிம்பில் விரல் தெரிந்தது, நடுவில் தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்துபோகும் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது, ரத்தக் கொதிப்பு காரணமாக இருக்கலாம், உள்ளே நீர் கோத்திருக்கிறது, மாதம் ஓர் ஊசி கண்ணுக்குள் போட்டால் வடியும் என்றார். வாய்க்கால் அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்கும். பிச்சையாவுக்கு அது புரிந்தது.

புரியாதது ஒன்றுதான். ஊசிக்கு முன்னால் பதினான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்தார்கள். கிருமி தொற்றலாம், விழித்திரை கிழியலாம், பார்வை அடியோடு போகலாம் என்று அதில் இருந்தது. ஆலோசகர் நிவேதாவிடம் கேட்டார்.

"ஏம்மா, இதெல்லாம் வரலாம்னு இங்கன போட்டிருக்கு. அங்கன சுவத்துல சைபர்னு போட்டிருக்கே?"

"வரலாம் சார். ஆனா வராது."

"ஒருவேள வந்துட்டா?"

"வந்தா நீங்க ஏற்கெனவே ஒத்துக்கிட்டீங்க சார். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு."

உடன் வந்தவர் என்ற இடத்தில் குருவம்மாள் பெயரையும் அவளுடைய செல்போன் எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். இருபது நிமிஷ விழிப்புணர்வுப் படத்தைப் போட்டு அவளைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். குருவம்மாள் மரியாதையாகக் கடைசிவரை பார்த்தாள். 'கேட்டுப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் நிவேதா டிக் போட்டாள்.

ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு கறை வெளிறி, அருவியின் நடுவே இறங்கும் நூல் மறுபடியும் தெரிய ஆரம்பித்தது. குருவம்மாளின் பத்து விரலும் தெரிந்தன. ஆஸ்பத்திரியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் ஆடி மாதம் நான்காவது ஊசிக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நலம் விசாரித்து போன் வந்தது, குருவம்மாளின் போனுக்கு. கையில் அதிர்ந்ததும் அவள் எடுத்து, முகம் தெரிகிறதா என்று திரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் அருவிக்கரையிலிருந்து கூப்பிட்டால் முகம் தெரியும், கை பேசும். இதில் ஒன்றும் தெரியவில்லை. வைத்துவிட்டாள். 'நோயாளி தரப்பில் புகார் எதுவும் இல்லை' என்று பதிவானது.

ஞாயிறு மத்தியானம் வலி தொடங்கியது. கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. பிச்சையா அவசர எண்ணைக் கூப்பிட்டார். வலி இருந்தால் ஒன்றை அழுத்தவும், சிவந்திருந்தால் இரண்டை அழுத்தவும், பார்வை தெரியவில்லை என்றால் திரையில் வரும் எண்ணைப் பார்த்து அழுத்தவும் என்றது ஒரு இனிமையான குரல். ஒன்றை அழுத்தினார். ஞாயிறு விடுமுறை, திங்கள் காலை எட்டு மணிக்கு வரவும் என்றது.

ஏழரைக்கு அப்துல் மஜீது ஆட்டோவைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். அவர் பிச்சையாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"என்னவே, கண்ணு இப்படி இருக்கு! ராத்திரியே கூப்பிட்டிருக்கக் கூடாதா? சைபர் ஆஸ்பத்திரி வேண்டாம்வே. நேரே திருநெல்வேலிக்கு விடுதேன்."

"ஊசி போட்டவுகளுக்குத்தான மஜீது தெரியும், என்ன ஏதுன்னு. அங்கனயே போ."

உள்ளே போனபோது உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. எண் ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து ஆனது. அன்றைக்குக் கைதட்டல் கூடுதலாக இருந்தது. தரச்சான்று வழங்கும் குழு பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. வாசலில் கோலம். செவிலியர்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள்.

"என்ன கம்ப்ளெய்ன்ட் சார்?" என்று நிவேதா கணினியைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஊசி போட்ட கண்ணு வலிக்கும்மா. பார்வை மங்குது."

"அது இதுல இல்ல சார். 'கண்ணாடி மாற்றம்' இருக்கு, 'பொதுப் பரிசோதனை' இருக்கு, 'பாராட்டு தெரிவிக்க' இருக்கு. 'சிக்கல்'னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு விஜய்பாண்டி சாரோட பாஸ்வேர்டு வேணும். பாராட்டுல போட்டு உள்ள அனுப்பட்டுமா?"

பாராட்டுத் தெரிவிக்க வந்தவராக அவர் பணி மருத்துவர் சஃப்ரின் முன்னால் உட்கார்ந்தார். சின்னப் பெண். படிப்பு முடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கருவியில் அவர் தாடையை வைக்கச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

"ஐயா, உள்ள சீழ் வச்சிருக்கு. இப்பவே கண்ணுக்குள்ள மருந்து போடணும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்."

"திருநெல்வேலிக்குப் போகட்டுமா டாக்டரம்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆயிடும்யா. மருந்து இங்கயே இருக்கு. கீழ அந்தச் சிவப்புப் பெட்டியில. பத்து நிமிஷத்துல போட்டுடலாம். பெட்டியைத் திறக்க ஒரு கையெழுத்து மட்டும் வாங்கணும்." அவள் நம்பித்தான் சொன்னாள். அவரும் நம்பித்தான் உட்கார்ந்தார். அப்போது மணி எட்டே முக்கால்.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். விஜய்பாண்டி எழுந்து நின்று வரவேற்றார். இளநீர் கொண்டுவரச் சொன்னார். சுவரில் பலகையின் புகைப்படம், மாலையுடன்.

"அண்ணாச்சி, மனசு விட்டுப் பேசுதேன். உங்க வலி எனக்குத் தெரியுது. எங்க வலியும் உங்களுக்குத் தெரியணும். நான் இங்க சேர்ந்தப்ப அந்த எண் வெறும் பதினேழு. ஒரு எண்ணை வளக்கிறதுன்னா பிள்ளை வளக்கிற மாதிரி. சளி வரும், காய்ச்சல் வரும். நூத்தி நாப்பதுல சுரண்டைக்காரர் ஒருத்தர் கண்ணச் செவக்க வச்சுக்கிட்டு வந்து நின்னாரு. விசாரிச்சோம். அறுவடைத் தூசி. முந்நூத்திப் பத்துல செங்கோட்டை அம்மா ஒருத்தி. வெங்காயம் உரிச்சிருக்கு. எழுநூறுல அச்சன்புதூர்க்காரர். அவரு மாடு வாலைச் சுழட்டிருக்கு. இப்படி ஒவ்வொண்ணா நேர்மையா விசாரிச்சுப் பாத்தா, நம்ம ஊசியால ஒரு சிக்கல்கூட வரல. இத நான் சொல்லல அண்ணாச்சி, பதிவேடு சொல்லுது."

"சரிங்க. அந்த மருந்தை மட்டும் போட்டுவிட்டீகன்னா..."

"போடுவோம். கட்டாயம் போடுவோம். நோயாளிதான் எங்களுக்கு முதல். ஆனா என்ன காரணம்னு தெரியாம மருந்து போட்டா அது சிக்கல் ஆயிடும். காரணம் தெரிஞ்சு போட்டா சிகிச்சை." அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். 'வெளிக்காரணத் தொற்று – நோயாளியின் ஒப்புதல்' என்று தலைப்பு. "உங்க ஊரு எது?"

"குற்றாலம்."

"வேலை?"

"மெயின் அருவியில."

விஜய்பாண்டியின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. நான்கு வருஷத்தில் இவ்வளவு சுலபமான விசாரணை அவருக்கு வாய்த்திருக்காது.

"அப்ப குளிச்சிருக்கீக."

"இல்லீங்க. நான் அருவியில குளிக்கிறதே கிடையாது. இருவத்திரெண்டு வருஷமா."

"அண்ணாச்சி, டெல்லியில இருந்து ரயிலேறி வந்து குளிக்கிறான். நீங்க அதுக்குக் கீழயே நிக்கீக, குளிக்கலைங்கீக. வாற குழு நம்புமா? யாராவது சாட்சி உண்டா?"

"என் வீட்டுக்காரி உண்டு. மூணு நாளா வீட்டுலதான் கெடந்தேன். ஈரத்துணியில மூஞ்சியத் தொடச்சுவிட்டதே அவதான்."

குருவம்மாளுக்கு அவர் கையால் விஷயத்தைச் சொன்னார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். தலைக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை அருவியாக இறக்கினாள். பிறகு வலது கையால் அதை வெட்டினாள். உதட்டில் இரண்டு விரல். மறுபடி அருவி. மறுபடி வெட்டு. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை.

"என்ன சொல்லுதாவ?" என்றார் விஜய்பாண்டி.

"நான் குளிக்கலைன்னு சொல்லுதா."

"அவங்க சொன்னத யாரு சொல்லுதா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான சொல்லுதீக." அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாருங்க, எனக்கு நம்பணும்னு ஆசைதான். ஆனா சம்பந்தப்பட்ட ஆளே மொழிபெயர்த்தா செல்லாது. அரசு அங்கீகாரம் உள்ள சைகை மொழிபெயர்ப்பாளர் வரணும்."

"அவ கைப்பேச்சு அவுகளுக்குப் புரியாதுங்க. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படின்னா அது மொழியே இல்லையே அண்ணாச்சி" என்றார் விஜய்பாண்டி அன்பாக.

வெளியே கூடத்தில் உட்கார வைத்தார்கள். யோசித்துக் கையெழுத்துப் போடலாம், அவசரமில்லை என்றார்கள். மஜீது படிவத்தைப் படித்துக் காட்டினார். ஏழாவது கேள்வி: ஊசிக்குப் பிறகு அருவி, ஆறு, குளம் ஆகியவற்றில் குளித்தீர்களா? 'ஆம்' என்பது ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது. 'இல்லை' என்பதற்குக் கட்டம் இல்லை.

"போடாதவே" என்றார் மஜீது. "ஊரே உன் விசிலுக்குக் கட்டுப்பட்டு நிக்கிது. நீ குளிச்சேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு உன் வேலையில யாரு நம்பிக்கை வைப்பா? வா, ஆட்டோவுல ஏறு, போவோம்."

"மருந்து அந்தா இருக்கு மஜீது. பத்தடி தூரம். டாக்டர் பிள்ள பத்து நிமிஷம்னுச்சு."

அவர் குருவம்மாளின் பக்கம் திரும்பி, விரலைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். நான்கு என்றார். அவள் முஷ்டியை நெஞ்சில் வைத்தாள், காட்டியது இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டச் சொன்னார். கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. அப்புறம் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. அப்புறம் பார்வையின் மேல் ஓரத்திலிருந்து, வெளிறிய வெளிச்சத்துக்குள், செம்மண் நிறத்தில் ஒரு நூல் இறங்கியது.

அந்த நிறத்தை அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்ததும் அவர் கை செய்கிற காரியம் ஒன்றுதான். யோசிக்கவில்லை. கழுத்திலிருந்த விசிலை எடுத்து மூன்று முறை நீளமாக ஊதினார்.

சரியாக அந்த நேரத்தில் தரச்சான்றுக் குழு மூன்று பேரும் வாசல் கோலத்தைத் தாண்டிக் காலை வைத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் நெருப்புப் பயிற்சிக்கு மூன்று விசில்தான் அடையாளம். பட்டுப்புடவைகள் வரிசையாக எழுந்தன. நோயாளிகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, எல்லோரும் வாகன நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். மஜீதையும் ஒருவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால் நிமிஷம். முன்னறிவிப்பு இல்லாமல் இப்படி ஓர் ஒத்திகையைத் தான் எங்கேயும் கண்டதில்லை என்று மழைச்சாரலில் நின்று பேசினார். "இங்கே ஒரு கலாசாரம் இருக்கிறது. யாரோ ஒருவர் ஆபத்து என்று சொன்ன உடனே, என்ன ஆபத்து, யாருக்கு என்று எந்த ஊழியரும் கேட்கவில்லை. உடனே வெளியேறிவிட்டார்கள். இதுதான் தரம்." கை தட்டினார்கள்.

கூடத்தில் மூன்று பேர் மிச்சம். பிச்சையாவும் குருவம்மாளும் நாற்காலியில். படியிறங்கி ஓடிவந்த சஃப்ரின் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால். கூண்டுக் கதவுக்குப் பூட்டு இல்லை. அவள் திறந்து, நாடாவின் மேல் கையை வைத்தாள். மேலே பலகையைப் பார்த்தாள். அவளுடைய சான்றிதழ்களெல்லாம் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தன. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். குருவம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சஃப்ரின் கையை எடுத்துக்கொண்டாள். கூண்டைச் சாத்திவிட்டு, துப்பட்டாவால் கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தைத் துடைத்தாள்.

"நான் மறுபடி சார்கிட்ட கேக்குதேன்யா" என்றாள்.

பன்னிரண்டே காலுக்குப் பிச்சையா கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் போடுவது என்று தெரியவில்லை. நிவேதா விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். மஜீது முகத்தைத் திருப்பிக்கொண்டார். குருவம்மாளுக்கு என்ன கையெழுத்தென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணவர் தலைக்கு மேலே கையைத் தூக்கி அருவியைக் காட்டிவிட்டு, வெட்டாமல் அப்படியே கையைக் கீழே போட்டதை அவள் பார்த்தாள்.

இனி தாமதிக்க ஒன்றுமில்லை என்றார் விஜய்பாண்டி. இது வெளிக்காரணம் என்பதால் எண்ணுக்குப் பாதிப்பு வரக்கூடாது. அதனால் நாடாவை அறுப்பதற்கு முன் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருந்தார். அவர் ஒன்றரைக்கு வந்து, ஏணி போட்டு, ஒயரைக் கழற்றினார். குழுவின் முன்னிலையில் விஜய்பாண்டி கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். திறப்பு விழா மாதிரியே இருந்தது. ஒருவர் படம்கூட எடுத்தார்.

சஃப்ரின் குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டாள். மருந்துகள் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதிவேட்டில் முத்திரையைப் பார்க்கத்தான் இடம் இருந்தது. உள்ளே பார்க்க இடம் இல்லை.

திருநெல்வேலிக்கு மஜீது எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. அங்கே ஒரு வயதான டாக்டர் பார்த்துவிட்டு, எப்போது வலி தொடங்கியது, காலையிலிருந்து எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்றார் பிச்சையா. டாக்டர் உடனே மருந்தை எடுத்துவரச் சொன்னார். மருந்து போட்டார்கள், அறுவை செய்தார்கள், மறுபடி மருந்து போட்டார்கள். ஒன்பதாம் நாள், கிருமி மேலே ஏறாமல் இருக்க, கண்ணையே எடுத்தார்கள்.

சைபர் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கிடைத்தது. அவசரகால ஆயத்தத்துக்கு நூற்றுக்கு நூறு. அந்த வாரமே குருவம்மாளின் போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், முகம் இல்லை, வைத்தாள். 'சேவையில் முழுத் திருப்தி' என்று பதிவானது.

அந்த வீட்டில் எப்போதுமே சத்தம் இருந்ததில்லை. இப்போதுதான் பேச்சு நின்றது. முதல் சில நாட்கள் குருவம்மாள் பழக்கத்தில் கையால் பேசிக்கொண்டே இருந்தாள். எதிரே இருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாதியில் நிறுத்தினாள். அப்புறம் சோற்றுத் தட்டை அவர் கையில் வைப்பாள், தண்ணீரை வைப்பாள், சட்டையை வைப்பாள். அவர் சொல்வதை அவள் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவள் சொல்ல ஒரு வழியும் இல்லை. கடையில் என்ன நடந்தது, யாரோடு சண்டை, எங்கே வலிக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியாமல் ஆனது. அருவிக்கரையில் அவர் நின்ற மேடையில் பேச்சிராஜ் என்று ஒரு இளைஞன் நின்றான். விசிலை அவனிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் சீசன் தொடங்கியதும், அருவிக்குப் போகும் பாதையில் ஆஸ்பத்திரி ஒரு விழிப்புணர்வுப் பலகை வைத்தது. மஜீது அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பிச்சையாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னார். கண்ணில் ஊசி போட்டவர்கள் அருவியில் குளிக்காதீர்கள் என்று பெரிதாக எழுதி, கீழே படிவத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஏழாவது கேள்வி: ஆம். குற்றாலம் மெயின் அருவி விசில் பிச்சையா. அடியில் அவர் கையெழுத்து, கோட்டை விட்டு இறங்கி, சாய்ந்து.

"ராத்திரியோட ராத்திரியா கிழிச்சுப் போடட்டுமாவே?"

"நான் போட்டதுதான மஜீது" என்றார் பிச்சையா. பிறகு, "காலையில ஆட்டோ எடுத்துட்டு வா" என்றார்.

விடிந்த நேரம். கூட்டம் இன்னும் வரவில்லை. மெயின் அருவியில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குருவம்மாள் அவர் கையைப் பிடித்தபடி ஆண்கள் பக்கக் கம்பியைத் தாண்டினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குப் பிச்சையாவைப் பத்து வருஷமாகத் தெரியும். அவர் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மேடையிலிருந்து பேச்சிராஜ், "அண்ணாச்சி, வழுக்கும், பாத்து!" என்று கத்தியது இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"எதுக்குவே இது?" என்றார் மஜீது, அவர் சட்டையை வாங்கிக்கொண்டு.

"குளிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கேம்லா. பொய்யா நிக்க வேண்டாம்."

முதல் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு முட்டியது. இருபத்திரண்டு வருஷம் எதிரே நின்று பார்த்த தண்ணீர் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. காதில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. கத்தினாலும் தன் குரல் தனக்கே கேட்காது. அருவிக்கு அடியில் யார் நின்றாலும் குருவம்மாள் மாதிரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். புடவையோடு நனைந்துகொண்டு, அவர் முழங்கையை விடாமல். அவர் தலையைத் தூக்கி, இல்லாத கண்ணால் மேலே பார்த்தார். பழக்கம். பிறகு அவள் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தூக்கிக் கேட்டார். தண்ணி எப்படி இருக்கு?

முழங்கையிலிருந்து அவள் பிடி விலகியது. அந்த ஒரு கணம் அவர் எங்கே நிற்கிறார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஈரமான இரண்டு விரல்கள் வந்து அவருடைய உதட்டின் மேல் நின்றன. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவர் காத்திருந்தார். அவளுடைய கை கீழே இறங்கி அவர் நெஞ்சுக்கு வந்தது. முதலில் முஷ்டியாக இருந்தது. அப்படியே வெகுநேரம் இருந்தது. பிறகு தண்ணீருக்கு அடியில், ஒவ்வொரு விரலாக விரிந்தது.